கலிங்கின் உயரம்

என் மனைவி ஜாஸ்பினுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். "மழை எப்ப வரும்னு சொல்றவங்களா?" என்பார்கள். இல்லையப்பா, இல்லை. பெய்த மழை எந்த ஓடையில் இறங்கும், எந்தக் கண்மாயை நிரப்பும், மிச்சம் எப்போது ஆற்றுக்குப் போகும் என்று கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறவள். புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தப் பணி. அவள் கணக்கை வைத்துத்தான் எந்த ஊர் நெல் நடலாம், எந்த ஊர் பொறுத்திருக்க வேண்டும் என்று அறிவிப்பு போகும். நான் விராலிமலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். என் பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

போன வருடம், கார்த்திகைக்குள் கீழூர்க் கண்மாய் நிறையும் என்று சொன்னாள். கீழூர்க்காரர்கள் நம்பி நட்டார்கள். மழையும் குறை வைக்கவில்லை. கண்மாயில் மட்டும் கணுக்கால் தண்ணீர். தை மாதம் நாகராசு என்கிற கீழூர் விவசாயி, கருகிய பயிரை வேரோடு பிடுங்கி வந்து இவள் மேசைமேல் போட்டார்.

"ஒங்க கம்ப்யூட்டர்ல நெறஞ்சிருச்சும்மா. எங்க கண்மாய்லதான் காணோம்."

அதற்கப்புறம் மாதக்கணக்கில் தப்பு எங்கே என்று தேடுவதே வேலை. மழை அளவு சரி. ஓடை சரி. எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவாள். "விட்டுத் தொலையேன்" என்று நான் கத்தியதும் உண்டு. ஒருநாள் சோறு பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"என்னங்க, கலிங்கு!"

கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகுமே, அந்தக் கல்கட்டுதான் கலிங்கு. கீழூருக்கு மேலே இருப்பது என் மாமனார் ஊர்க் கண்மாய். அங்கே வருடாவருடம் புரட்டாசியில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஆண்கள் களிமண் மூட்டைகளைக் கலிங்கின் மேல் அடுக்குவார்கள். பெண்கள் சுண்டல் அவித்துக் கொண்டுபோவார்கள். கீழூருக்கு வழியவேண்டிய தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு இங்கேயே கூடுதலாக நிற்கும். திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை, ஊர் வழக்கம். சின்ன வயதில் ஜாஸ்பினும் மூட்டைக்கு மண் அள்ளிப் போட்டவள்தான். ஆனால் கணினி கலிங்கின் உயரத்தைக் கேட்டபோது, ஆபீஸ் கோப்பில் இருந்ததைப் போட்டுவிட்டாள். மூட்டைகள் அவள் நினைவுக்கே வரவில்லை. வீட்டில் நடப்பதை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

மூட்டைகளையும் சேர்த்து ஓட்டினாள். இந்தத் தடவை கீழூர்க் கண்மாய் கணினியிலும் காய்ந்து கிடந்தது.

அந்த ஞாயிறே மாமனார் வீட்டுக்குப் போனோம். என் மாமனார் சூசைமாணிக்கம் சொன்னால் ஊர் கேட்கும். மூட்டை அடுக்க முன்னால் நிற்கிறவரும் அவர்தான்.

"அப்பா, இந்த வருசம் மூட்டையையும் சேத்துத்தான் ரிப்போர்ட் எழுதப்போறேன். கலிங்கைப் பாக்க ஆளு வருவாங்க."

"எல்லா ஊருலயும் அடுக்கத்தான் செய்யிறான். ஒனக்கு நம்மூருக் கலிங்குதான் கண்ணுல பட்டுச்சா?"

"கீழூர்க்காரங்க எம் பேச்சை நம்பி நட்டாங்கப்பா. கருகிப்போச்சு."

"அப்ப அங்கிட்டே போயி மகளா இரு. இங்கிட்டு வராத." பிறகு என்னைப் பார்த்து, "மாப்ள, சாப்பிட்டுப் போங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துவிட்டேன்.

எழுதினாள். ஆட்கள் வந்து மூட்டைகளை எடுத்து வீசினார்கள். பெற்ற மகளே ஆப்பு வைத்துவிட்டாள் என்று ஊர் சிரித்ததாம். சரி, கீழூரிலாவது ஒரு நல்ல வார்த்தை? 'இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல' என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தினமும் அப்பாவுக்குப் போன் போடுவாள், அவர் எடுக்க மாட்டார். போனை வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விடுவாள்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"நம்ம கண்மாய்த் தண்ணி அறுப்பு வரைக்கும் வருமா? நாத்து வளந்து நிக்கிது."

மூட்டை இல்லாத கண்மாய்க்கு விடை அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மடிக்கணினியைத் திறந்து இன்னொரு தடவை ஓட்டினாள். வரும் என்று சொல்லேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"வராதுப்பா. கதிர் புடிக்கிற நேரத்துல வத்திரும். நெல்லு போடாதீங்க."

அந்தப் பக்கம் எங்கோ மாடு கத்துவது கேட்டது.

"சரித்தா. நாத்தை அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டு உளுந்து வெதைச்சுக்கறேன். ஊருக்கும் நானே சொல்லிர்றேன்."

அவர் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஜாஸ்பின் வாய்விட்டு அழுதாள்.