தேரைக் குஞ்சுகளும் ஒரு சமாதானப் பேச்சும்

அந்த நுரை என் கணவரின் ஷேவிங் கிறீம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் குளியலறை வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. பாதிக்குத்தான் கூரை, மீதி வானம். சுவரோடு ஒட்டி ஒரு சீமெந்துத் தொட்டி. மாரி மழை தொடங்கிய கிழமை, தொட்டிக்கு நேர் மேலே சுவரில் வெள்ளை நுரை ஒரு கைப்பிடி அளவுக்கு அப்பியிருந்தது.

"ஷேவ் எடுத்தா சுவரைத் துடைக்கத் தெரியாதே?" என்று கேட்டேன்.

"நான் எங்க ஷேவ் எடுத்தனான்? தாடியைப் பாரும்," என்றார்.

பார்த்தேன். தாடி இருந்தது.

சில நாட்களில் நுரை காய்ந்து பழுப்பாகியது. பிறகு ஒரு காலை நான் குளிக்கப் போனபோது, அதற்குள்ளிருந்து சின்னச் சின்னதாக ஏதோ நெளிந்து, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீருக்குள் விழுந்துகொண்டிருந்தது. தலைப்பிரட்டைகள். போனில் தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மையே முறைத்துப் பார்க்குமே ஒரு வெளிறிய மரத்தவளை, எங்கள் பக்கத்தில் தேரை என்போம், அது இப்படி நுரைக்குள்தான் முட்டையிடுமாம்.

வாளியால் அள்ளி வெளியே ஊற்றத்தான் போனேன். அள்ளியும் விட்டேன். வாளிக்குள் ஒன்று திரும்பி வந்து, சாப்பாடோ என்று என் விரலைக் கவ்விப் பார்த்தது. அதற்குப் பிறகு எப்படி ஊற்றுவது?

வளர்ப்பு லேசாக இருக்கவில்லை. முதலில் சோறு போட்டேன், தண்ணீர் புளித்துப் பல செத்துப்போயின. பிறகு பசளிக் கீரையை அவித்துப் போட்டேன். அதற்கு ஆட்டு மந்தைபோல வந்து மொய்த்தன. குழாய்த் தண்ணீரை வெயிலில் வைத்து, மருந்து மணம் போன பிறகுதான் ஊற்றினேன். தொட்டியில் நெருக்கமானபோது மூன்று பிளாஸ்டிக் பேசின்களுக்குக் குடிபெயர்த்தேன். பின்னங்கால் முளைத்த அன்று, நான் வேலை செய்யும் மீனவர் சங்கக் கந்தோரில் எல்லோருக்கும் படம் காட்டினேன். ஒருவர் சாப்பாட்டுப் பார்சலை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர். பேசின்களைத் தாண்டிக் குளித்துவிட்டுத் தன்பாட்டில் போவார்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தார். அவருடைய வீட்டுக் கூரையைக் கழற்றி வேலை நடந்தது. மச்சாளும் பிள்ளைகளும் விடத்தல்தீவில் அவளுடைய தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணனின் படகு இங்கே, எங்கள் பேசாலையில் நிற்பதால், கூரை ஏறும்வரை எங்களுடன் தங்கினார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலையில் கடற்பாம்பு மாட்டினால் வாலில் பிடித்துத் தூக்கி, பழைய கயிறு எறிவதைப்போல எறிந்துவிடுவார். திருக்கை முள் ஏறிய காலோடு படகை ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறார். கடற்கரையில் அவர் குரல் கேட்டால் நாய்களும் விலகும்.

வந்த அன்று பின்னேரம் அவர் குளிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் வந்தது. யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு ஓடி வந்தாள். அண்ணன் தலை முழுக்கச் சவுக்காரத்தோடு, சாறத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"என்னண்ணா?"

"சவுக்காரம் கண்ணில பட்டிட்டுது."

உள்ளே போய்ப் பார்த்தேன். தாய்த் தேரை வாளி விளிம்பில் சாதுவாக இருந்தது.

மறுநாளிலிருந்து அண்ணன் துவாயைத் தோளில் போட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக் கிணற்றுக்குப் போகத் தொடங்கினார். "நல்ல தண்ணி, அள்ளிக் குளிச்சாத்தான் குளிச்ச மாதிரி," என்றார். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

ஆனால் கிணற்றடியில் பெண்கள் விடுவார்களா? தங்கச்சி வீட்டில் குளியலறை இருக்க ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தேரைக்குப் பயம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெருமூச்சு விட்டு, "என்ன செய்யிறது, அங்க எனக்கு இடமில்லை," என்றாராம்.

அவ்வளவுதான். என் கணவர் மச்சானைக் குளிக்க விடாமல் குளியலறையைப் பூட்டுகிறார் என்று ஒரு கதை. வீடு எனக்குச் சீதனமாக வந்தது, அதில் அண்ணனும் பங்கு கேட்கிறார், அதுதான் கோபம் என்று இன்னொரு கதை. ஓட்டோவில் ஏறும் ஆட்களெல்லாம் என் கணவருக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார்கள்.

"இண்டைக்கு ஒரு அம்மா, 'தம்பி, சொந்தம் போனா வராது' எண்டு சொல்லிப்போட்டு இறங்கிறா," என்றார் ஒரு நாள். "ஆருடைய சொந்தம்? எங்க போனது?"

எனக்கும் அப்போது தெரியவில்லை. தட்டில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிரவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பங்குத் தந்தை வந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு குரலைத் தணித்து, மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். என் கணவர் கை கட்டிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் குற்றவாளி முகமாகவே மாறிவிட்டது.

"நான் ஏதும் பிழை விட்டிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஃபாதர்," என்றார்.

"என்னட்டை இல்லை. மச்சானிட்டைக் கேளுங்கோ."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மச்சான்," என்றார் இவர்.

"பரவாயில்லை, மச்சான்," என்றார் அண்ணன், நிலத்தைப் பார்த்தபடி.

"இனி அவரைக் குளிக்க விடுங்கோ. தண்ணிக்குத் தடை போடுறது பெரிய பாவம்," என்றார் தந்தை.

"ஆர் ஃபாதர் தடை போட்டது?" என்றேன் நான். "பாத்ரூம் திறந்துதான் கிடக்குது. குஞ்சுகள் இருக்குதுகள், அவ்வளவுதான்."

"கோழிக்குஞ்சுகளோ?"

"தேரைக் குஞ்சுகள்."

தந்தை என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் யன்னலைப் பார்த்தார்.

"வாங்கோ, பார்ப்பம்," என்று தந்தை எழும்பினார். அண்ணனையும் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

குஞ்சுகளுக்கு அப்போது நான்கு காலும் வந்து, பாதி வால் மிச்சமிருந்தது. பேசின்களில் நான் சாய்த்து வைத்திருந்த தென்னோலைத் துண்டுகளில் ஏறி, சில சுவரிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. பெருவிரல் நகமளவு உடம்பு. "அட, வடிவா இருக்குதுகள்," என்று தந்தை குனிந்தார். அந்த நேரம் பார்த்து ஒன்று பாய்ந்து அண்ணனின் முன்கையில் ஒட்டியது.

அண்ணன் அலறிய அலறலில் முருங்கையில் இருந்த காகங்கள் எழும்பின. நாங்கள் பார்க்கும்போது அவர் தந்தைக்குப் பின்னால் நின்றார். வெள்ளை அங்கியை இரண்டு கையாலும் பிடித்து, அதற்குள் முகத்தையும் புதைத்திருந்தார்.

"எடுங்கோ, ஃபாதர்! எடுங்கோ! ஒட்டுது!"

தந்தை அதை இரண்டு விரலால் மெல்ல எடுத்து ஓலையில் விட்டார். பிறகு தொட்டிக் கட்டில் குந்தியிருந்து, கண்ணீர் வரச் சிரித்தார். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நான் ஏன் மன்னிப்புக் கேட்டனான்?" என்றார்.

அண்ணன் வெளியே வந்து, அம்மிக் கல்லில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். "சுறா எண்டாலும் நிப்பன், ஃபாதர். அது கடிக்கும் எண்டு தெரியும். இது என்ன செய்யும் எண்டே தெரியாது." பிறகு கை கூப்பினார். "வெளியில சொல்லிப்போடாதேங்கோ. கடற்கரையில தலை காட்டேலாது."

தந்தை சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அதில் பொய்யொன்றும் இல்லை.

பேசின்களை வேலியோரம் மாற்றினேன். அண்ணன் அதற்குப் பிறகும் கதவைத் தட்டி, உள்ளே ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். குஞ்சுகளின் வால் முழுதாகக் கரைந்தது. மழை பெய்த பின்னேரங்களில் ஒவ்வொன்றாக ஓலையில் ஏறி, முருங்கைக்குத் தாவிப் போயின. கீரை அவித்துக்கொண்டு போனால் சாப்பிட ஆளில்லை என்ற நாளில், சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அண்ணனின் கூரை ஏறியது, அவரும் போய்விட்டார்.

பாதிக்கப்பட்டவர் என் கணவர்தான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, கிணற்றடிப் பெண்களில் மூத்தவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனம் திருந்தினது பெரிய காரியம், தம்பி. எல்லாரும் அப்படித் திருந்தமாட்டினம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முக்காட்டைச் சரிசெய்தேன்.

"ஓமம்மா," என்றார் அவர். "ஏதோ கடவுள் புத்தி தந்தார்."