அறையை விட்டு வெளியே வந்த ஜமால் அண்ணன்

ஈப்போ குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஜமால் அண்ணனின் மகள் சபீனா.

“காலையில அத்தா மவுத்தாயிட்டாங்க அக்கா. தொழுதுட்டு வந்து உட்கார்ந்தவங்க, அப்படியே…” சற்று நிறுத்தி, “எனக்காக ஸ்கூலுக்கு லீவு விட்டுடாதீங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க” என்றார். அழுகைக்கு நடுவே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

லகாட்டில் அவருடைய உணவகத்தில் சாப்பிட்டவர்கள் உங்களில் பலர். நம் தனியார் பள்ளி தொடங்கிய நாள் முதல் அறங்காவலராக இருந்தவர். நான் அந்த அறங்காவலர் குழுவின் செயலாளர். சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய எஸ்டேட் வீடுகளுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய், இலவச இடங்களுக்குப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தவர் அவர்.

ஒருமுறை சக அறங்காவலர் ஒருவர் நேரே வகுப்புக்குள் போய், தம் பேரனை முன்வரிசையில் உட்கார வைக்கும்படி ஆசிரியையிடம் சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்தில் ஜமால் அண்ணன் கோபப்படவில்லை. “சாப்பாடு சரியில்லேன்னா முதலாளி கேட்கலாம். அடுப்படிக்குள்ள போயி கரண்டியப் புடுங்கக் கூடாது லா” என்றார். சம்பந்தப்பட்டவரே முதலில் சிரித்தார்.

பிறகு தலைமையாசிரியர் பதவி காலியானது. விண்ணப்பித்தவர்களில் வேறொரு பள்ளியில் பணியாற்றிய சபீனாவும் ஒருவர். அண்ணனுக்குப் பெரிய சங்கடம்.

“ஏம்மா, ஈப்போவுல வேற ஸ்கூலே இல்லையா?”

“இதுதான் நல்ல ஸ்கூல்னு நீங்கதானே அத்தா தினமும் சொல்றீங்க?”

நேர்காணல் நாளில் அவர் அறையை விட்டு வெளியே போய்ச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்துகொண்டார். சபீனாவைத்தான் எடுத்திருக்கிறோம் என்று சொல்ல நான்தான் போனேன். அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம்.

“என் முகத்துக்காக யாரும் கை தூக்கலியே?”

“நாங்க கேட்ட கேள்வியே தப்புன்னு உங்க பொண்ணு சொன்னாங்க அண்ணே. அதுக்காகத்தான் எடுத்தோம்.”

அப்போதுதான் சிரித்தார். சிரித்துவிட்டு, அங்கேயே ஒரு தாள் வாங்கிப் பதவி விலகல் கடிதம் எழுதினார். நாங்கள் விடவில்லை. தலைமையாசிரியரைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் வெளியே போனால் போதும் என்றோம்.

“தலைமையாசிரியரப் பத்திப் பேசாத மீட்டிங் எது லா? அவங்க செய்றது சரியான்னு பார்க்கிறதுதானே நம்ம வேலை? நான் எப்பவும் வெளியிலதான் நிக்கணும்.”

அவர் கையெழுத்துப் போடும்போது கண் கலங்கியிருந்தது. அந்தப் பள்ளியை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது எங்களுக்குத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து அவரைக் கடையில் பார்த்தேன். மகளைப் பார்க்கப் பள்ளிக்குப் போனாராம். காவலாளி வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத வைத்திருக்கிறார். சபீனா ஒரு பெற்றோரிடம் பேசி முடிக்கும்வரை அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்திருக்கிறார்.

“என்னையே காக்க வெச்சிட்டா, தங்கச்சி!” என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். “நல்ல ஆளாத்தான் பார்த்து எடுத்திருக்கீங்க!”

அடுத்த மாதம் என் பதவிக்காலம் முடிகிறது. விதியைக் கொஞ்சம் தளர்த்தி, இன்னும் சில ஆண்டுகள் இருக்கச் சொல்கிறார்கள். ஆசையாகத்தான் இருந்தது. நேற்று உட்கார்ந்து, முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நேசிக்கும் இடத்திலிருந்து முகம் சுளிக்காமல் எழுந்து போகலாம் என்ற தைரியம் ஜமால் அண்ணனிடமிருந்து எனக்கு வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.