ஐந்தாம் ஃபாரத்து மாரி

1. செத்தவன் சாராயம் குடித்தது

ஒன்பதாம் ஃபாரத்தில் கழுத்து நெரிபட்டுச் செத்துப்போன குமாஸ்தா, பத்தாம் ஃபாரத்தில் உட்கார்ந்து சாராயம் குடித்துக்கொண்டிருந்தான். பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் நான் பைண்டிங் மேஸ்திரியாக இருந்த காலத்தில் என் மானத்தை வாங்கியவன் அவன்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பதினாறு பக்கம் அச்சடித்த பெரிய தாளை மடித்தால் அது ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகில் பசை போட்டு அட்டை ஒட்டினால் புத்தகம். மடிக்கிற மிசின் எங்களிடம் இருந்தது. கரண்ட்தான் இருப்பதில்லை. அதனால் எட்டுப் பெண்கள் கையாலேயே மடித்தார்கள், ஆளுக்கு இரண்டு ஃபாரம். ஒரே பக்கங்கள் வாரம் முழுக்கக் கண்முன்னால் போனால் படிக்காமல் யாரால் இருக்க முடியும்? ஆனால் படிக்கக்கூடாது என்பது முதலாளி ஊ தின் மௌங்கின் சட்டம். படித்தால் கை நின்றுவிடுமாம். அவருடைய அம்மா தமிழ். அதனால் எங்களைத் தமிழிலேயே திட்டுவார்.

செல்வி ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவள். "இன்னொரு வாட்டி படிக்கிறதப் பாத்தேன், நேரா வீட்டுக்குப் போயிடு" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் அவள் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன.

அந்த வாரம் வந்தது ஒரு பர்மிய மொழிபெயர்ப்பு நாவல். இருநூறு வருஷத்துக்கும் முந்தைய ஓர் அடிமைக் கப்பல். நடுக்கடலில் கேப்டன் கொலை. கொன்றது யார் என்பதுதான் கதை. எட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டு துண்டுக் கதை தெரியும். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்ததும் துண்டுகளை ஒட்ட ஆரம்பிப்பார்கள். மூன்றாம் ஃபாரத்துக்காரிக்குச் சமையல்காரன்மேல் சந்தேகம். ஏழாம் ஃபாரத்துக்காரி சுக்கான் பிடிக்கிறவன்தான் என்று சத்தியம் செய்வாள். கப்பலின் அடித்தட்டில் கிடந்த மாரிக்குத் தண்ணீர் கிடைத்ததா இல்லையா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. நானும் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பேன்.

பசை போட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேஸ்திரி, குமாஸ்தா செத்துட்டான். என் கையில நாலு நாளா செத்துக்கிட்டேதான் இருக்கான்."

பத்தாம் ஃபாரத்துத் தங்கம் விடவில்லை. "எங்கிட்ட நல்லாத்தான் இருக்கான். குடிக்கிறான், பாட்டுகூட பாடுறான்."

எனக்குப் பர்மிய எழுத்தில் எண்கள் மட்டும்தான் தெரியும். இரண்டாம் வகுப்போடு ஓடி வந்தவன். பக்கத்துப் பேட்டையான தாமுவேயில், கோயில் வகுப்பில் கற்ற தமிழ்தான் என் படிப்பு. ஃபாரங்களை எடுத்துப் பார்த்தேன். பக்க எண் வரிசையாக இருந்தது. ஃபாரங்களின் வரிசை தெரிய முதுகில் அச்சடித்திருக்கும் கறுப்பு அடையாளமும் படிப்படியாகச் சரியாக இறங்கியது.

"எண்ணு சரியாத்தானே இருக்கு?"

"எண்ணு சரிதான் மேஸ்திரி, ஆளு செத்துட்டானே!" என்றாள் செல்வி.

2. நான் படித்த கதை

சொல்லாமல் விட்டால் ஆயிரம் புத்தகமும் குப்பை. சொன்னால் செல்விக்கு வேலை போகும். வேறு வழி தெரியாமல் முதலாளி அறைக்குப் போனேன்.

"மொதலாளி, ரெண்டு சாப்டர் முன்னபின்ன ஆயிடுச்சு."

"யாரு சொன்னா?"

"நானே படிச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? உன் லைசென்ஸ் ஃபாரத்தையே என் பொண்டாட்டிதானே நெரப்பிக் குடுத்தா?"

"இப்பக் கத்துக்கிட்டேன் மொதலாளி."

"அப்படியா? எங்க, கதையச் சொல்லு கேப்போம்."

சொன்னேன். எட்டுப் பெண்களின் சாப்பாட்டுச் சண்டையைக் கோத்து, கப்பல் புறப்பட்டதிலிருந்து ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. முதலாளி முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. நடுநடுவே "அப்பறம்?" என்று வேறு கேட்டார். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. கையை வீசிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தண்ணி பத்தலன்னு கப்பல்காரங்க முப்பது பேரக் கடல்ல தள்ள இழுக்கிறாங்க. அப்ப மாரி எந்திரிச்சு, எம் புள்ளைக்காவது ஒரு வாய் தண்ணி குடுடான்னா..."

"இரு. எந்த மாரி?"

"கப்பல்ல இருந்த மாரி."

"வெள்ளைக்காரன் கப்பல்ல, ஆப்பிரிக்கா ஜனங்களுக்கு நடுவுல, மாரி எங்கேர்ந்துய்யா வந்தா? நம்ம பசுந்தாங் பஸ்ல ஏறினாளா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. முதலாளி மேசைமேல் இருந்த மாதிரி செட்டில் அந்த இடத்தைத் தேடி ஐந்தாம் ஃபாரத்தைப் புரட்டினார். "இங்க 'ஒரு பொம்பள'ன்னுதான் போட்டிருக்கு. பேரே இல்ல. யாருடா உனக்குக் கதை சொன்னது? செல்விதானே?"

முப்பது வருஷ வேலையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"பேரு நான் வெச்சது" என்று வாசலில் ஒரு குரல். டோ பொன்னம்மா. ஆண்களுக்கு 'ஊ' மாதிரி, பெரிய பெண்களுக்குப் பர்மாவில் மரியாதைக்கு 'டோ'. கியாக்தான் என்ற வெளியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மூத்த ஆள். "அந்த அக்காவப் பாருங்க, பேப்பர் ஓரத்தத் தவிர எதையும் பாக்க மாட்டாங்க" என்று முதலாளி எல்லாருக்கும் உதாரணம் காட்டுவது அவரைத்தான்.

"அக்கா, நீங்களுமா?"

"அஞ்சாவது ஃபாரம் என்னுது மொதலாளி. ஒரு வாரமா அவ என் கையில தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா. கேப்டனுக்குப் பேரு இருக்கு, அவன் வளத்த நாய்க்குப் பேரு இருக்கு. இவளுக்கு இல்ல. பேரில்லாம எப்படி அவளப் பத்திப் பேசறது? அதான் வெச்சேன். படிக்கிறது தப்புன்னா எட்டுப் பேரும் தப்புதான்."

அவருக்குப் பின்னால் ஏழு தலைகள் தெரிந்தன. முதலாளி ஒன்பதையும் பத்தையும் படித்துப் பார்த்தார். பிறகு பதிப்பாளருக்குப் போன் போட்டார். கம்போசிங் செய்தவர் இரண்டு அத்தியாயங்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டு, அப்புறம் பக்க எண் போட்டிருக்கிறார். அந்த ஃபாரங்களைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

"எட்டுப் பேரையும் அனுப்பிட்டா, மேஸ்திரி, நீயும் நானுமா மடிக்கிறது?" என்றார் முதலாளி. வேலைக்குத் திரும்பிய பெண்களை மறுபடி கூப்பிட்டு, "சரி, கடைசில யாரு கொன்னது?" என்றார்.

"டாக்டர்" என்றாள் பதினாறாம் ஃபாரத்துக்காரி.

"அது கேப்டனக் கொன்னது" என்றார் பொன்னம்மா. "மாரியக் கடல்ல தள்ளிக் கொன்னது யாருன்னு பதினாறு ஃபாரத்துலயும் ஒருத்தனும் கேக்கல."

முதலாளி ஆறிப்போன டீயைக் குடித்தார்.

3. கற்றுக்கொண்டது

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் சட்டம் மாறியது. பசை போடுவதற்கு முன்னால் செல்வி ஒரு செட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தே ஆகவேண்டும். எண் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்பியிருந்த நான் அதைக் கைவிட்டேன். புதிய மேஸ்திரிகளுக்கும் இதைத்தான் சொல்வேன்: மடிக்கிறவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.

புத்தகம் பைண்டாகி வந்த அன்று பொன்னம்மா ஒரு பிரதியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். "மேஸ்திரி, உங்களுக்குத் தமிழ் எழுத வருமே. இங்க எழுதுங்க" என்று ஒரு வரியில் விரலை வைத்தார். புத்தகத்தில் ஒரு கீறல் விழுந்தாலே கத்துகிறவன் நான். பேனாவை எடுத்து, காட்டிய இடத்தில் 'மாரி' என்று எழுதினேன்.

அந்தப் பிரதி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதில் எண்களைத் தவிர என்னால் படிக்க முடிவது அந்த ஒரு பெயரை மட்டும்தான்.