அக்கா தீ மிதித்த வருடம்

அக்கா இப்போது தொழில்முறை டெனிஸ் வீராங்கனை. நாடு நாடாகப் போய் ஆடுகிறாள். போன மாதம் அவள் வென்றபோது, எல்லாம் அம்மன் அருள் என்று அப்பா பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருந்தார். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அருளின் கதை எனக்குத் தெரியும். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்கு எட்டு. எங்கள் ஊர் அன்புவழிபுரத்திலிருந்து என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு துறைமுகப் பக்கத்து டெனிஸ் திடலுக்குப் போவாள். நாட்டின் இளையோருக்கான கனிஷ்ட அணித் தெரிவுக்கு அவளைக் கொழும்புக்கு அழைத்திருந்தார்கள். அழைப்பு வந்தால் மகள் தீ மிதிப்பாள் என்று அப்பா நேர்ந்து வைத்திருந்தார். மிதிக்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீமிதிப்போ தெரிவுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது.

அக்கா ஒருதரம்தான் கேட்டாள்.

"தெரிவு முடியட்டும் அப்பா. அடுத்த வருசம் மிதிக்கிறன்."

"அம்மனுக்குத் தவணை சொல்ல ஏலாது" என்றார் அப்பா.

பத்து நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் கூடாது. பயிற்சி மட்டும் வழக்கம்போல மூன்று மணித்தியாலம். ஏழாம் நாள் திரும்பி வரும்போது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வழிக்கடையில் மிச்சமிருந்தது ஒரேயொரு மீன் பணிஸ், உள்ளே மீன் அடைத்த பன். எனக்குப் பாதி தந்துவிட்டு மற்றப் பாதியை இரண்டே வாயில் விழுங்கினாள்.

தீக்குழியை அவள் ஓடாமல்தான் கடந்தாள். அடுத்த நாள் இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். பக்தி இருந்தால் சுடாது என்றார் பெரியம்மா. வீடே அவளிடம் குற்றம் தேடியது. எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"அக்காவுக்குப் பக்தி இருக்குது அப்பா. மீன் பணிஸ் சாப்பிட்டவ, அதுதான் சுட்டது."

அப்பாவின் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்மேல் பிழையில்லை, அம்மன்மேலும் பிழையில்லை. எல்லாப் பிழையும் பசித்த பிள்ளையின் தலையில். அந்தக் கொப்புளக் காலோடு அவளால் ஆட முடியாது. உடனே கொழும்புக்குப் போன் எடுத்து, மகளுக்குக் காய்ச்சல், வர ஏலாது என்றார். அக்கா வாளித் தண்ணீரில் காலை வைத்தபடி என்னைப் பார்த்தாள். அணிக்குள் வர அவளுக்கு அதன்பிறகு மூன்று வருடம் பிடித்தது.

பணிஸ்தான் அவள் காலைச் சுட்டது என்று நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சுட்டது நெருப்பு என்பது எட்டு வயதில் விளங்கவில்லை. அது அப்பாவுக்கு அன்றே விளங்கியிருந்தது என்பதும் விளங்கவில்லை. இல்லாவிட்டால், தீயில் கால் சுட்டதை மறைத்து, கொழும்புக்காரரிடம் காய்ச்சல் என்று எதற்குப் பொய் சொன்னார்?