கடலில் வளைவுகள் இல்லை

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. யாராவது பேச்சை எடுத்தால் டீயைச் சூட்டோடு குடித்துவிட்டு எழுந்துவிடுகிற ஆள் நான். நீங்களும் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

போன ஐப்பசி. போடியில் எங்கள் வீட்டுக் கட்டிலில் அப்பா கிடந்தார். ஏலக்காட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு நாற்பது வருஷம் ஜீப்பு ஓட்டியவர். உறவெல்லாம் வந்து வாயில் பால் ஊற்றிவிட்டுப் போயாயிற்று. உயிர் மட்டும் சின்னவன் கைப்பாலுக்காகக் காத்துக் கிடந்தது. தம்பி அன்று காலைதான் ஷார்ஜாவிலிருந்து, "ஏறிட்டேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்திருந்தான். மதுரைக்கு டிக்கெட் இல்லை, கொச்சிக்குத்தான் கிடைத்தது. போனில் தட்டிப் பார்த்தேன். வான்வழியே இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். கடலையே நாலு மணி நேரத்தில் தாண்டுகிறவனுக்கு, கொச்சியிலிருந்து மலை ஏறி இறங்கி எங்கள் வாசலுக்கு வர இன்னும் ஆறு மணி நேரம்.

"சின்னவன் எந்த வளைவுல வர்றான்?" என்றார் அப்பா.

கடலில் வளைவு ஏது? அவருக்குத் தூரம் என்றாலே மெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்தான். எப்படியாவது பிடித்து வைக்க வேண்டுமே என்று பொய் சொன்னேன்.

"மெட்டு தாண்டிட்டான்ப்பா. பதினேழுல திரும்புறான்."

அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அவரும் கூடவே இறங்க ஆரம்பித்தார். எந்த வளைவுக்கு எத்தனை நிமிஷம் என்று அவர் காலுக்குத் தெரியும். போர்வைக்குள் வலது கால் பிரேக்கை மிதித்தது.

"பதினாலு... மஞ்சு கெடக்கு, மெல்ல வரச் சொல்லு."

மூச்சு சீரானது. ஒன்பது. நாலு. விமானம் பாதிக் கடலைக்கூடத் தாண்டியிருக்காது. "ஒண்ணு" என்று அவர் சொன்னதும் அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். மத்தியான வெயிலில் தெரு வெறுமனே கிடந்தது.

திரும்பி உள்ளே போனபோது மூச்சு நின்றிருந்தது. உதட்டில் பால். டம்ளர் காலி.

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். "தம்பி எப்பங்க வந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லல?"

"யாரு?"

"பீச்சாங்கையால ஊத்துச்சு. மாமாவுக்குக் கடைசிப் பாலு, சோத்துக்கையால ஊத்துங்க தம்பின்னு நாந்தேன் அதட்டுனேன். பேசாம கை மாத்திக்கிருச்சு. கொல்லப்பக்கம் பாருங்க, கை கழுவப் போயிருக்கும்."

தம்பி இடது கைக்காரன். சோற்றில் அந்தக் கையை வைக்கிறான் என்று அப்பாவிடம் அவன் வாங்கிய அடி கொஞ்சமல்ல. கொல்லையில் யாரும் இல்லை.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் பெட்டியோடு வந்து இறங்கினான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாங்கள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. அழுது முடித்து என் மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"பிளேன்ல கண்ணசந்துட்டேன் மதினி. அப்பாவுக்குப் பால் ஊத்துற மாதிரி கனவு. அங்கயும் வந்து கைய மாத்துன்னு அதட்டுறீகளே?"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

துக்கம், களைப்பு, தூக்கமில்லாத கண் என்று எனக்கு நானே ஆயிரம் சொல்லிக்கொள்கிறேன். பகலில் அது போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால் பதினாறாம் நாள் இலையில் உட்கார்ந்த தம்பி, வலது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படா பழகுன?" என்றேன்.

அவன் கையைப் பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.