நடுவிலிருந்து தைக்க ஆரம்பியுங்கள்

1. பூரி

என் முதல் குவில்ட்டை மேஜையில் விரித்தேன். நடுவில் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேறொரு பெண் அதைத் தைத்திருந்தால் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். தைத்தது நானே என்பதால் சத்தமில்லாமல் திட்டிக்கொண்டேன்.

குவில்ட் என்பது பெரிய வித்தை இல்லை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பரப்பு முழுக்கத் தையல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் துவைக்கும்போது பஞ்சு ஒரு மூலைக்கு ஓடாது. நான் காலர் தைத்த பழக்கத்தில் நாலு ஓரத்தையும் முதலில் அடைத்துவிட்டு உள்ளே போனேன். தைக்கத் தைக்கத் துணி நகர்ந்தது. வெளியே போக வழியில்லை, நடுவில் கூடி உட்கார்ந்துகொண்டது. வீட்டில் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஊக்கு குத்திவிட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்தை அடைக்கும் பைப்பிங் எல்லாம் கடைசியில்தான்.

2. இரண்டு அழைப்பு

அந்தக் குவில்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தவள் சுகன்யா. ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கும் ஐ.டி. பெண், ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்போது அவள் நிறைமாதம்.

"எக்கா, பிள்ளை பொறக்கதுக்கு முன்னாடி புதுசா எதையும் வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காவ. உங்க வீட்லயே இருக்கட்டும். தொட்டில்ல போடுத அன்னைக்குக் கொண்டு வாங்க" என்றாள்.

அதே வாரம் கம்பெனி மேனேஜரும் போன் செய்தார். "கஸ்தூரிம்மா, புது யூனிட் போடுறோம். நீங்க வந்தே ஆகணும். வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போறீங்க?"

கையில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். குவில்ட் சரியாக வந்தால் வீட்டிலேயே தொழில், சொதப்பினால் திரும்பவும் கம்பெனி என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். நான் போனில் பேசியதை என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். நான் ஓவர்டைம் முடித்து சென்னீர்குப்பம் வீட்டுக்கு வந்து சேரும்போது தூங்கியிருப்பார். சாப்பாட்டை மூடி வைப்பதுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

3. ஹோல்டான்

சுகன்யாவின் குழந்தை டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. தொட்டிலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று போன் வந்தபோது நான் பூரியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை பெண்களிடம் தப்பாகத் தைத்த ஆல்டர் பீஸை வீசி "பிரி" என்றிருப்பேன்! அந்த வேலை எவ்வளவு கழுத்து வலி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரித்துவிட்டு நடுவிலிருந்து ஆரம்பித்தேன். நேர்க்கோடுகள் ஒழுங்காக வந்தன. சுகன்யா கேட்டதோ அலை அலையான வளைவுத் தையல். அதற்கு மெஷினின் பல்லை இறக்கிவிட வேண்டும். பல் இல்லாவிட்டால் துணியை மெஷின் இழுக்காது, கையால்தான் நகர்த்த வேண்டும். எனக்கோ ஆயுசு முழுக்கப் பல் இழுத்துக்கொடுத்தே பழக்கம். பழைய துணியில் எத்தனை தடவை முயன்றும் ஒரு தையல் அரிசி அளவு, அடுத்தது அவரைக்காய் அளவு.

"இன்னாமே, மெஷினு மேல கோவமா?" என்று என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"வளைவே வர மாட்டேங்குதுங்க."

"நீ ஊசிய பாத்துகினு கீற. பஸ் ஓட்றவன் டயரையா பாப்பான்? திரும்பப் போற எடத்த பாரு. வண்டி தானா வரும்."

எரிச்சலாக இருந்தது. "எங்க, நீங்க ஓட்டுங்க பாக்கலாம்" என்று எழுந்துவிட்டேன். அவர் கரையான்சாவடி ஹார்டுவேர் கடைக்குப் போய், ரப்பர் புள்ளி வைத்த கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த ஜம்பத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு துணி பாழாயிற்று. மூன்றாவதில் தையல் வழுக்கிக்கொண்டு போனது. வளைவுக்கு வளைவு ஒரே அளவு. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

குவில்ட்டையே அவரிடம் கொடுத்தேன். துணியின் கனம் மேஜையிலிருந்து தொங்கினால் தையல் இழுபடும். அதனால் நான் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணியைத் தாங்கினேன்.

"போலாம் ரைட்!"

"மெதுவா, மெதுவா... ஹோல்டான்! நூல் அறுந்துடுச்சு."

"இன்னாமே கண்டக்டரு, நடு ரோட்ல நிறுத்துற?"

அடிநூல் தீர்ந்து பாபின் மாற்றும்போது கையுறையைக் கழற்றியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ மறுபடியும் கம்பெனிக்குப் போய்ட்டா, நான் இந்த ஊட்ல இன்னா பண்றது?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். பாபினைப் போட்டேன். "போலாம் ரைட்" என்றேன்.

4. துவைத்த பிறகு

தொட்டில் விழாவில் சுகன்யாவின் மாமியார் குவில்ட்டை வாங்கியதும் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று குழந்தையை அதன்மேல் கிடத்தினார். கிடத்தினதும் அது நனைத்துவிட்டது. எல்லோரும் சிரிக்க, என் வீட்டுக்காரர் மட்டும் முகம் வெளுத்துப்போய் என் காதில் கேட்டார். "தோச்சா பஞ்சு கட்டிக்குமா?"

அதுதான் உண்மையான பரீட்சை. மறுநாள் முழுக்க இருவரும் போனைப் பார்த்தபடி இருந்தோம். சாயந்தரம் சுகன்யா கூப்பிட்டாள்.

"எக்கா, வாஷிங் மெஷின்ல போட்டு எடுத்தேன். ஒரு எடத்துல கூட பஞ்சு நகரல. எதிர் ஃப்ளாட்ல ஒரு அக்காவும் அவ மகனுக்கு ஒண்ணு கேக்கா."

இப்போது கூடத்தில் பெரிய மேஜை போட்டிருக்கிறோம். துணி வெட்டி இணைப்பது நான், வளைவு ஓட்டுவது அவர். இதில் நான் கற்ற பாடம், துணியை இழுக்கக் கூடாது என்பதுதான். எதிரே ஓர் ஆள் கனத்தைத் தாங்கிக்கொண்டால் போதும், அது தானாக வரும்.

போன வாரம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். என் இரண்டு கையிலும் துணி. வீட்டுக்காரர்தான் போனை எடுத்தார். கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அவுங்க டூட்டில கீறாங்க சார்."