தோடம்பழ நிறக் கண்ணீர்

சித்தியின் தலையணை உறையில், தோடம்பழச் சாறு சிந்தியதுபோல, செம்மஞ்சள் கறைகள் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சில மாதங்களிலேயே காசநோய் கண்டு, கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கடைசி அறையில் அம்மாவின் அந்தத் தங்கை ஒதுங்கியிருந்த பனிக்காலம் அது. மாத்திரை கண்ணீரின் நிறத்தையும் மாற்றும் என்று அறியாத நான், சித்தி எங்களுக்குத் தெரியாமல் பழம் சாப்பிடுகிறார் என்று கோபப்பட்டேன்.

வீட்டில் நோயின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். "உந்த வருத்தம்" என்பதோடு சரி. பக்கத்து நகரமான மார்க்கத்தில் சித்திக்குச் சம்பந்தம் பேசியாகியிருந்தது. வெளியே தெரிந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்று அம்மா நடுங்கினார். மாத்திரை விழுங்குவதைப் பார்க்க வரும் நேர்ஸ், அயலாருக்கு "இங்கிலீஷ் ரீச்சர்" ஆகிவிட்டார்.

பள்ளி நூலகப் புத்தகமொன்றில், அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த தாடி வைத்த ஜேர்மன் வைத்தியரின் படம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அதற்கு நீலச் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் கண்டு, சபை நடுவே பெயர் சொல்லிக் காட்டியவர். அறை வாசலில் நின்று வாசித்தேன். சித்தி நெடுநேரம் படத்தையே பார்த்தார்.

"பேரைச் சொல்ல இவருக்குப் பயமில்லையோ, பிள்ளை?"

அன்றிலிருந்து அந்தத் தாடிக்காரர் எங்கள் வீட்டில் எங்கோ நின்று பார்ப்பதாகவே எனக்குப் பட்டது. கடைசி அறைப் பக்கம் போகவே பயந்தேன்.

ஒருநாள் நேர்ஸ் வந்திருந்த வேளை, பக்கத்து வீட்டு அன்ரி வந்தார். "ரீச்சரை எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் படிப்பிக்கச் சொல்லுமன்."

அம்மா சிரித்துச் சமாளித்தார். சித்தி வெளியே வந்து அன்ரியைப் பார்த்தார்.

"அக்கா, இவ ரீச்சரில்லை, நேர்ஸ். எனக்குக் கசம். மருந்து எடுக்கிறன். இனி ஆருக்கும் தொத்தாதாம்."

"ஐயோ, என்ர பிள்ளையளும் இஞ்ச வந்து விளையாடினவையெல்லே!" அன்ரி பின்வாங்கியபடியே போனார்.

அந்தக் கிழமைக்குள் மார்க்கத்துச் சம்பந்தம் கலைந்தது. "வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமேயடி" என்று அம்மா அழுதார். எனக்கோ சித்தியை நினைக்கப் பெருமையாக இருந்தது.

சித்தி முழுதாகக் குணமாகி எத்தனையோ ஆண்டுகள். கலியாணம் செய்யவில்லை. அந்த அயலார் எங்கெங்கோ போய்விட்டார்கள். "கசம்" என்ற சொல்லே என் மகளுக்குத் தெரியாது. போன கிழமை பிக்கரிங்கில் என் வீட்டுக்கு வந்த சித்தியின் மடியில் அவள் ஓடிப்போய் ஏறினாள். சித்தி அவளை இறுக அணைத்தார். முகத்தை மட்டும் அப்பால் திருப்பி, பிள்ளை இறங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.